எண்டோஸ்கோப்பியில் இடம் தெரியாத இரத்தக்கசிவு: வழக்கமல்லாத சிரைப் புடைப்புகளைக் கண்டறிந்து கையாளும் முறை

குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையின் வழி அடைபட்டால், இரத்தம் பக்கத்துச் சிறு சிரைகளில் புகுந்து இதயத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தச் சிரைகள் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையிலும் புடைப்பதுதான் வழக்கம். ஆனால் முன்சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், பித்தநாளம், அறுவை சிகிச்சையில் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்த ஸ்டோமா ஆகிய இடங்களிலும் அவை புடைக்கலாம். சிரைப் புடைப்பால் நேரும் கசிவுகளில் இவற்றின் பங்கு அதிகபட்சம் 5 சதவீதம் என்றே சொல்லப்படுகிறது. ஆகவே இரவுப்பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இவை கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அதற்குள் நோயாளி பல யூனிட் இரத்தத்தை இழந்திருப்பார்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) அல்லது போர்ட்டல் சிரை அடைப்பு உள்ளவருக்குத் தார் போன்ற மலமோ சிவந்த இரத்தமோ போகிறது, மேல் எண்டோஸ்கோப்பியில் காரணம் தென்படவில்லை என்றால் சந்தேகம் உடனே இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் வயிற்றில் உள்ள பழைய அறுவைத் தழும்புகளைப் பாருங்கள். குடல் அந்தத் தழும்பின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால், அந்த ஒட்டு வழியாகவே புதிய சிரைப் பாதைகள் உருவாகிவிடும். இரத்தவாந்தி இல்லாமல் மலத்தில் மட்டும் இரத்தம் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாமல் இரத்த அழுத்தம் சரிந்து வயிறு உப்பினால், புடைப்பு வயிற்றறைக்குள்ளேயே வெடித்திருக்கக்கூடும். இந்தியாவில் குழந்தைகளுக்கு இரத்தவாந்தி வருவதற்கு முக்கியக் காரணமான, கல்லீரலுக்கு வெளியே நிகழும் போர்ட்டல் சிரை அடைப்பில், கல்லீரலின் செயல்பாடு பெரும்பாலும் நன்றாகவே இருந்தாலும் இவ்வகைப் புடைப்புகள் சிரோசிஸை விட அதிகம்.

பரிசோதனைகளில் பெரிதும் உதவுவது சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. சாயம் போர்ட்டல் சிரையை நிரப்பும் கட்டத்திலும் படம் வேண்டும் என்று கோரிக்கைப் படிவத்தில் எழுதுங்கள். புடைப்பு எங்கே உள்ளது, அதற்கு இரத்தம் கொண்டுவரும் சிரை எது, வடியும் வழி எது, போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்ற நான்குக்கும் விடை கிடைத்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும்.

மலக்குடல் புடைப்பை மூலம் என்று தவறாக நினைப்பது அடிக்கடி நடக்கிறது. மூலம் ஆசனவாயை ஒட்டி இருக்கும், வெளியே தள்ளவும் செய்யும். புடைப்போ கருநீலமாக வளைந்து ஆசனவாய்க்கு 4 செ.மீ.க்கும் மேலே வரை ஏறியிருக்கும், வெளியே தள்ளாது. இந்த வேறுபாட்டை உறுதிசெய்யாமல் மூலம் என்று கத்தி வைத்தால் இரத்தப்பெருக்கைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடாகிவிடும்.

கசிந்துகொண்டிருப்பவருக்கு முதல் வேலை இரண்டு அகலமான ஊசிவழிகள் போடுவது. ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்கு 7 முதல் 8 கிராம் அளவில் வைத்திருப்பது போதும். இரத்தத்தை அள்ளி ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடிக் கசிவும் கூடும். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்க டெர்லிபிரசின் 2 மி.கி. 4 மணிக்கொரு முறை, அல்லது ஆக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம் ஒரே தவணையாகவும் பின்பு மணிக்கு 50 மைக்ரோகிராமாகவும் கொடுக்கலாம். இதயத்தமனி நோய் உள்ளவருக்கு டெர்லிபிரசினைத் தவிர்ப்பது நல்லது. சிரோசிஸ் இருந்தால் கிருமித்தொற்றைத் தடுக்கச் செஃப்ட்ரியாக்சோன் தினமும் 1 கிராம் சேர்க்க வேண்டும்.

ஸ்டோமாவில் கசிந்தால் அதன் மேல் மாட்டிய பையின் மேலிருந்து அழுத்துவதால் பயனில்லை. பையை முழுவதும் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றியுள்ள தோல் ஊதா நிற வளையமாகத் தெரியும். குடலின் சிவந்த சவ்வும் தோலும் சந்திக்கும் விளிம்பில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து இரத்தம் வரும். அந்தப் புள்ளியில் ஒரு விரலை வைத்து விடாமல் அழுத்தினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அங்கேயே ஒரு தையல் போடலாம்.

முன்சிறுகுடல் புடைப்புக்கு எண்டோஸ்கோப்பி வழியாகச் சயனோஅக்ரிலேட் செலுத்துவதையே நான் விரும்புவேன். கடையில் விற்கும் உடனொட்டுப் பசையின் நெருங்கிய உறவு அது. உணவுக்குழாயில் செய்வதுபோல் ரப்பர் வளையம் மாட்டிக் கட்டினால், பெரிய புடைப்பு வளையத்துக்குள் முழுதாக அடங்காமல், வளையம் நழுவியதும் அகன்ற புண்ணாகத் திறந்துகொள்ளும் அபாயம் உண்டு.

இவையெல்லாம் ஓட்டையை மட்டுமே அடைக்கின்றன. அழுத்தம் அப்படியே இருப்பதால் கசிவு திரும்பக்கூடும். அதற்குக் கல்லீரல் வழியே போர்ட்டல் சிரையை இதயம் செல்லும் சிரையோடு குழாயால் இணைக்கும் டிப்ஸ் சிகிச்சை உண்டு. உணவுக்குழாய்ப் புடைப்புகள் பொதுவாக இவ்விரு சிரைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 12 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் இறங்கினால் அடங்கிவிடும். வழக்கமல்லாத இடத்துப் புடைப்புகளோ அதற்குக் கீழும் கசிவதுண்டு. ஆகவே டிப்ஸ் வைக்கும்போதே புடைப்புக்கு வரும் சிரையையும் சுருள்களாலோ பசையாலோ அடைத்துவிடுவது நல்லது. போர்ட்டல் சிரையே அடைபட்டுக் கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு அறுவை மூலம் இணைப்புச் சிரை அமைப்பது ஏற்றது. கல்லீரல் மிகவும் தளர்ந்தவருக்கு டிப்ஸ் மூளைக்குழப்பத்தைக் கூட்டிவிடும் என்பதால், இரத்தம் நின்ற நாளிலேயே கல்லீரல் மாற்று அறுவைக் குழுவிடம் அனுப்புங்கள்.