நம் பங்கு கொஞ்சம்தானே என்று இருந்துவிடாதீர்கள்: சூப்பர்ஃபண்ட் செலவில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறவருக்கு இ.பி.ஏ.விடமிருந்து, அதாவது அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமிருந்து, கடிதம் வருகிறது. பல வருடங்களுக்கு முன் அவர் கழிவு டிரம்களை அனுப்பிய கிடங்கில் நிலத்தடி நீர் கெட்டுவிட்டது, சுத்தம் செய்யும் செலவுக்கு அவரும் பொறுப்பாகலாம் என்கிறது கடிதம். "நாங்கள் போட்டது பத்து டிரம்தானே, அதற்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறோம்" என்பார் அவர். நியாயமான பேச்சுதான். ஆனால் சட்டம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனாலில், புதைத்த ரசாயனக் கழிவின் மேலும் பக்கத்திலும் பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்து, 1978-ல் அவசரநிலை அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. அதன் பிறகு, இப்படி மாசான இடங்களைச் சுத்தம் செய்யும் செலவை யார் ஏற்பது என்று சொல்ல 1980-ல் வந்த சட்டம்தான் செர்க்லா. சூப்பர்ஃபண்ட் என்று சொல்வது இதைத்தான். நிலத்தின் இப்போதைய உரிமையாளர், கழிவு கொட்டிய காலத்து உரிமையாளர், கழிவை அகற்ற ஏற்பாடு செய்தவர், இடத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றிச் சென்றவர் என நான்கு வகையினரை இது பிடிக்கிறது. கவனக்குறைவு இருந்ததா என்று கேட்பதில்லை. அந்தக் காலத்தில் அது சட்டப்படி சரிதான் என்ற பதிலும் எடுபடாது. சேதத்தைப் பிரிக்க முடியாவிட்டால் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது மற்றவர்கள் திவாலாகிப் போனாலும், முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே அரசு கேட்கலாம்.

சரி, பிரித்துக் காட்டவே முடியாதா? முடியும். ஆனால் நிரூபிப்பது உங்கள் வேலை. கலிஃபோர்னியாவின் ஆர்வினில் ஒரு விவசாய ரசாயன நிறுவனத்துக்கு ரயில்வே கம்பெனிகள் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தன. விசாரணை நீதிமன்றம் போட்ட கணக்கைப் பாருங்கள்: மொத்தப் பரப்பில் ரயில்வே நிலம் 19 சதவீதம், அந்த நிறுவனம் இயங்கிய மொத்தக் காலத்தில் குத்தகைக் காலம் 45 சதவீதம், அந்த நிலத்தில் சிந்திய ரசாயனங்களால் வந்த மாசு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 6 சதவீதம். பிழை இருக்கலாம் என்று அதில் பாதியைக் கூட்டி, ரயில்வேயின் பொறுப்பு 9 சதவீதம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. பரப்பு, வருடம், ரசாயனம் என்று கையில் எண்கள் இருந்ததால்தான் இது நடந்தது. வெறும் "கொஞ்சம்தான் கொட்டினோம்" என்ற வாதத்துக்கு இந்தப் பலன் கிடைக்காது.

அடுத்த தவறு, முதலில் நாமே சுத்தம் செய்துவிட்டு அப்புறம் மற்றவர்களிடம் வசூலிக்கலாம் என்று கணக்குப் போடுவது. ஏவியால் நிறுவனம் டெக்சாஸில் கூப்பர் நிறுவனத்திடமிருந்து வாங்கிய இடங்களைச் சுத்தம் செய்துவிட்டு, பொறுப்பாளிகள் ஒருவரிடம் ஒருவர் செலவில் பங்கு கேட்க வழிசெய்யும் 113-ஆம் பிரிவின்படி கூப்பரிடம் பங்கு கேட்டது. இந்தச் சட்டத்தின்கீழ் யாரும் உங்கள்மேல் வழக்குப் போடவில்லையே, பிறகு எப்படி இந்த வழியில் கேட்பீர்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தானாகச் செலவு செய்தவர், செலவைத் திரும்பப் பெறும் 107-ஆம் பிரிவின்படி கேட்கலாம் என்று 2007-ல் இன்னொரு வழக்கில் தெளிவாக்கியது. எந்தப் பிரிவு என்பது வக்கீல்களின் நுணுக்கம் மட்டும் அல்ல, கெடுவும் அதோடு மாறுகிறது. தீர்ப்போ ஒப்பந்தமோ வந்தபின் பங்கு கேட்க 3 வருடம். 107-இல் அவசர அகற்றல் வேலை முடிந்ததிலிருந்து 3 வருடம், நிரந்தரச் சீரமைப்பு என்றால் கட்டுமானம் தொடங்கியதிலிருந்து 6 வருடம். அமெரிக்க அரசிடம் செலவில் பங்கு கேட்டு குவாம் தீவு போட்ட ஓர்டாட் குப்பைக்கிடங்கு வழக்கில், தூய நீர்ச் சட்டம் என்ற வேறொரு சட்டத்தின்கீழ் 2004-ல் செய்த ஒப்பந்தம் இந்தக் கெடுவைத் தொடங்கிவிட்டதா என்ற ஒரே கேள்விக்காக 2021-ல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தொடங்கவில்லை என்று தீர்ப்பு வந்ததால் குவாம் பிழைத்தது.

செலவழித்த எல்லாமும் திரும்ப வராது. சுத்தம் செய்யும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் தேசியத் தற்செயல் திட்டத்தின் விதிகளுக்குப் பொருந்திய, தேவையான செலவுதான் கிடைக்கும். பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் வாய்ப்பைக் கொடுக்காமல் அவசரமாக வேலையை முடித்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வழக்கு நடத்திய வக்கீல் கட்டணமும் வராது. மற்ற பொறுப்பாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஆன கட்டணத்தை மட்டும் 1994-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஒதுங்கி நிற்பவர்கள்தான். மொத்தச் செலவு 10 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4 மில்லியன் தர வேண்டியவர் அரசோடு 2.5 மில்லியனுக்குப் பேசி முடித்துக்கொள்கிறார். அந்த ஒப்பந்தம் தொட்ட விஷயங்களுக்காக இனி யாரும் அவரிடம் பங்கு கேட்க முடியாது. மீதி 7.5 மில்லியன் மேசைக்கு வராதவர்கள் தலையில் விழுகிறது. கழிவின் அளவும் நச்சுத்தன்மையும் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கென்றே தனி ஒப்பந்த வழி 122-ஆம் பிரிவில் இருக்கிறது. நம் பத்து டிரம்காரர் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

நிலம் வாங்குகிறவர்கள் "மாசு எல்லாம் விற்பவர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது உங்கள் இருவருக்கிடையில் செல்லும், அரசைக் கட்டாது. 2002 திருத்தத்தின்படி, நிலம் வாங்கியவரைப் பழைய மாசுப் பொறுப்பிலிருந்து காக்கும் நல்லெண்ண வாங்குபவர் என்ற பாதுகாப்பு கிடைக்க, வாங்குவதற்கு முன்பே இடத்தின் பழைய வரலாற்றை முறைப்படி விசாரித்திருக்க வேண்டும். அந்த விசாரணை ஒரு வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும், அதன் சில பகுதிகள் 180 நாளுக்குள். வாங்கிய பிறகு கசிவு தொடர்ந்தால் அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.

பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கழிவு அனுப்பிய ரசீதுகள் மட்டும் அல்ல, பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு தரும், 1986-க்கு முந்தைய பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளும்தான். அந்த வருடத்துக்குப் பிறகு வந்த பாலிசிகளில் மாசுச் செலவை அடியோடு விலக்கும் ஷரத்து வழக்கமாகிவிட்டது. முந்தையவற்றில் பலவற்றில் அது இல்லை. கடிதம் வந்த வாரமே அந்தப் பாலிசிகளைத் தேடி எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.