குலை நோயின் வித்துகளை வீட்டிலேயே கண்டறிவது எப்படி?

தாளடிப் பருவத்தில் இரவுப் பனி இறங்கத் தொடங்கியதும் நெல் தோகைகளில் கண் வடிவப் புள்ளிகள் தென்பட்டால், முதலில் குலை நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவில் பெருஞ்சேதம் விளைவித்த இந்நோயை உண்டாக்குவது மேக்னபோர்த்தே ஒரைசே என்னும் பூசணம். அதன் வித்துகள், அதாவது பூசணம் பரவ உதவும் நுண்துகள்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை என்றாலும், ஒரே இரவில் அவற்றைப் பெருகச் செய்து பார்த்துவிடலாம். பழுப்புப் புள்ளி நோயைக் குலை நோய் என்று எண்ணி மருந்து வாங்கிச் செலவழிப்போர் பலர் இருப்பதால், கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

முதல் படி: இலையைத் தேர்ந்தெடுத்தல்

இரு முனைகளும் கூராக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட புதிய புள்ளிகள் உள்ள தோகைகளைப் பறித்துக்கொள்ளுங்கள். முற்றிலும் காய்ந்துபோன தோகை வேண்டாம். புள்ளிகள் நீள்வட்டமாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்துடன் இருந்தால் அது பெரும்பாலும் பழுப்புப் புள்ளி நோயாகவே இருக்கும்.

இரண்டாம் படி: ஈரப் பெட்டி

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காகிதத்தை விரித்து, அதன்மேல் தீக்குச்சிகளை அடுக்கி, இலைத் துண்டுகள் தண்ணீரில் படாதவாறு அவற்றின் மீது வையுங்கள். டப்பாவை மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள்.

மூன்றாம் படி: பார்த்தல்

மறுநாள் காலையில் கைலென்ஸ் கொண்டு பார்த்தால், புள்ளியின் நடுவில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் தெரியும். பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால், செல்லோடேப்பை அந்தப் படலத்தின் மீது மெதுவாக ஒற்றி எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்ட கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு குறுக்குச் சுவர்களால் மூன்று அறைகளாகப் பிரிந்த, பேரிக்காய் வடிவ வித்துகள் தெரிந்தால் ஐயத்திற்கு இடமில்லை. இரண்டு நாள் தாமதித்தால் வேறு பூசணங்கள் வளர்ந்து குழப்பிவிடும்.

நான்காம் படி: வித்து என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

பனி ஈரம் பட்டதும் வித்தின் நுனியிலிருந்து கசியும் பசை அதை இலைமேல் ஒட்ட வைக்கிறது. சில மணி நேரத்தில் அது முளைத்து, முளைக்குழாயின் நுனியில் உருண்டையான ஒரு செல்லை உருவாக்குகிறது. அந்தச் செல்லின் சுவரில் மெலனின் என்னும் கரும்பொருள் படிந்து உறுதியாகிறது. உள்ளே சேரும் கிளிசரால் தண்ணீரை இழுக்க, அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை, அதாவது கார் டயரில் உள்ளதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு உயர்கிறது. அந்த விசையில், காயமோ இலைத்துளையோ தேவையின்றி, நுண்ணிய முளை ஒன்று இலைத்தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. புள்ளி கண்ணுக்குத் தெரிய 4 அல்லது 5 நாட்கள் ஆகும்.

டிரைசைக்ளசோல் மருந்து தடுப்பது இந்த மெலனின் உருவாவதைத்தான். மெலனின் இல்லாத செல்லால் இலையைத் துளைக்க முடியாது என்பதால், நோய் நுழையும் முன்பே இந்த மருந்து உதவும். ஏற்கெனவே உண்டான புள்ளிகளை அது ஆற்றாது.

ஐந்தாம் படி: வயலில் செய்ய வேண்டியவை

இரவு வெப்பநிலை 20 டிகிரி அளவுக்குக் குறைந்து, இலை நெடுநேரம் ஈரமாக இருக்கும் நாட்களில், தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரே முதலில் தாக்கப்படும். ஆகவே யூரியாவைப் பிரித்து இடுங்கள். நோய் தெரிந்தால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். அடுத்த விதைப்பில் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து விதைநேர்த்தி செய்யலாம்.

கதிர் வெளிவரும் காலத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் கதிரின் கழுத்தில் வித்து நுழைந்துவிட்டால் மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். மருந்தையும் அளவையும் அந்தந்தப் பருவத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பூசணம் மனிதரையோ மாட்டையோ தொற்றாது. ஆயினும் சோதித்த இலைகளை வயலில் வீசாமல் எரித்துவிடுங்கள். நோய்ப்பட்ட வைக்கோலிலும் வரப்புப் புற்களிலும் பூசணம் தங்கியிருக்கும் என்பதால், அடுத்த நாற்றங்கால் போடுவதற்கு முன்பே வரப்பைச் செதுக்கிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.