ஹைப்போ என்றால் எது குறைவு? முன்னொட்டில் தடுக்கி விழும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு நான்கைந்து பிள்ளைகள் வருவார்கள். சிலர் நர்சிங், சிலர் டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு. பகலெல்லாம் லேபில் ரத்தம் எடுத்துவிட்டு வந்து, இவர்களோடு உட்கார்ந்து மருத்துவச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் ஒரு பெண் நோட்டில் எழுதியிருந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இருபது வருடம் முன்னால் நான் வாயால் சொன்ன அதே வரி.

எழுத்துப்பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. ஹைப்பர் என்றால் மிகை, ஹைப்போ என்றால் குறை என்பதும் முதல் நாளே மனப்பாடம் ஆகிவிடும். அதை மனப்பாடம் செய்தவர்கள்தான் கீழே உள்ள இடங்களில் விழுகிறார்கள்.

எல்லா ஹைப்போவும் குறைவு அல்ல

கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் முதலில் 'அடியில்', 'கீழே'. ஹைப்போதலாமஸ் என்பது தலாமஸுக்கு அடியில் இருக்கும் மூளைப்பகுதி. தலாமஸ் குறைந்துபோன நோய் அல்ல. ஹைப்போகிளாசல் என்பது நாக்குக்கு அடியில் ஓடிவரும் 12-வது மண்டை நரம்பு. வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி என்று கேஸ் ஷீட்டில் இருந்தால், விலா எலும்புகளின் குருத்தெலும்புக்குக் கீழே, கல்லீரலும் பித்தப்பையும் இருக்கும் பக்கம் வலிக்கிறது என்று பொருள். இதைக் 'குருத்தெலும்புக் குறைபாடு' என்று எழுதிக்கொண்டுவந்த பையன் ஒருவன் உண்டு. பாவம், முன்னொட்டுப் பட்டியலை அப்படியே நம்பியவன்.

நம்மிடம் 'தாழ்' என்ற சொல் இருக்கிறது. தாழ்வாரத்தில் அது இடத்தைச் சொல்கிறது, தாழ் ரத்த அழுத்தத்தில் அளவைச் சொல்கிறது. ஹைப்போவும் அப்படித்தான். பின்னால் வருவது உறுப்பின் பெயர் மட்டும் என்றால் பெரும்பாலும் இடம். 'இமியா', 'டென்ஷன்', 'இசம்' என்று முடிந்தால் அளவு.

ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்தால் ஹைப்பர் என்று சொல்வது

இதுதான் அந்த நோட்டில் இருந்த வரி. 'டி.எஸ்.எச். 38, எனவே ஹைப்பர்தைராய்டு.'

எனக்கு அப்போது 22 வயது, லேபில் சேர்ந்து நான்கு மாதம். எதிர்வீட்டு அத்தை காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை மும்முரத்தில் பாதி நாள் விட்டும்விடுவார். ஒருநாள் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "இன்னாமா போட்டுக்கீது, பார்த்துச் சொல்லு" என்றார். டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் ஒரு ஹார்மோன் அளவு. சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும், அவருக்கு 38. நான் யோசிக்கவே இல்லை. "ரொம்ப அதிகமா இருக்கு அத்தை, ஹைப்பர்தைராய்டு" என்றேன்.

அத்தை கணக்குத் தெரிந்தவர். ஏற்கெனவே அதிகம் என்றால் அதற்கு மேல் தைராய்டு மாத்திரை எதற்கு? அன்றோடு நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதத்தில் முகம் உப்பிவிட்டது. கரகரத்த குரலில் விலை கூவ முடியவில்லை. கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. கத்திரி வெயிலில், தெருவே வியர்த்து வழியும்போது, அத்தை மட்டும் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டார். அப்புறம்தான் நான் அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" என்று அவர் கேட்டார். அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நானாத்தான் நிறுத்தினேன்" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து 'சுர, சுர' என்று அனுப்பும் ஆள் அது. தெருமுனை அடிபம்பை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் நிதானமாக அடிப்போம். வராதபோதுதான் கை வேகமாக அடிக்கும். டி.எஸ்.எச். என்பது கை அடிக்கும் வேகம். குடத்தில் விழும் தண்ணீர், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4. நான் கை வேகத்தைப் பார்த்துவிட்டுக் குடம் நிரம்பி வழிகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

முன்னொட்டு ஒட்டியிருப்பது சொல்லில் உள்ள பொருளோடு. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு அல்ல. ஹைப்போதைராய்டிசம் என்றால் தைராய்டு வேலை குறைவு. அதனாலேயே டி.எஸ்.எச். அதிகம். முன்னொட்டை விரலால் மறைத்துவிட்டு மிச்சச் சொல்லைப் படியுங்கள், 'எது?' என்று கேளுங்கள், பிறகு விரலை எடுங்கள். பிட்யூட்டரியே சோர்ந்துபோன நோயாளியும் உண்டு. அவருக்கு டி.எஸ்.எச். குறைவாகவோ, சாதாரணமாகவோ இருக்கும், தைராய்டும் குறைவாகவே இருக்கும். அடிக்கக் கை இல்லை, தண்ணீரும் இல்லை. ஆகவே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். ஹைப்போதைராய்டு உள்ளவருக்குக் கொலஸ்ட்ரால் ஏறி ஹைப்பர்கொலஸ்டிரோலீமியாவும் சேர்ந்து வரலாம். ஒரே சீட்டில் இரண்டு முன்னொட்டும் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

முக்கியமாக, லேபில் வேலை செய்கிற நாம் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவே கூடாது. எண்ணைக் காட்டலாம், இயல்பு அளவைக் காட்டலாம், டாக்டரிடம் போகச் சொல்லலாம். அத்தைக்கு மறுபடி மாத்திரை தொடங்கினார்கள். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். திரும்பப் பார்ப்பார்கள், உடம்பு அவ்வளவு மெதுவாகத்தான் பதில் சொல்லும். குரல் தெளிந்து அவர் பழையபடி கூடை எடுக்க ஆறு மாதம் ஆயிற்று. ஒரு சொல்லுக்கு ஆறு மாத வருமானம்.

போனில் முன்னொட்டைச் சொல்வது

லேபிலிருந்து ரிசல்ட்டைப் போனில் சொல்லும்போது, எம்.சி. ரோடு இரைச்சலில் ஹைப்போகலீமியாவும் ஹைப்பர்கலீமியாவும் ஒன்றுபோலத்தான் கேட்கும். முதலாவதில் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே, அதற்குப் பொட்டாசியம் கொடுப்பார்கள். இரண்டாவதில் பொட்டாசியம் ஏற்கெனவே மிகை. அங்கே அதையே ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். எனவே, "பொட்டாசியம், இரண்டு புள்ளி எட்டு" என்று எண்ணைச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவரை எழுதிக்கொண்டு திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டெர்மிக், தெர்மிக்

முதலாவது தோல், இரண்டாவது சூடு. ஹைப்போதெர்மியா என்றால் உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவது.

ஹிப்போவும் ஹிப்னோவும்

இவற்றுக்கு ஹைப்போவோடு உறவே இல்லை. மூளையின் ஒரு பகுதியான ஹிப்போகேம்பஸில் இருப்பது குதிரை, ஹிப்னாசிஸில் இருப்பது தூக்கம்.

ஹைப்பாக்சியாவில் 'ஓ'வைத் தேடுவது

உயிரெழுத்துக்கு முன்னால் ஹைப்போவின் கடைசி 'ஓ' உதிர்ந்துவிடும். ஹைப் + ஆக்சியா. ஆக்சிஜன் போதாமை.

"ஹைப்போ எடுத்துட்டு வா"

சர்க்கரை நோயாளிகள் வார்டில் ஒருவர் "ஹைப்போ" என்று கத்தினால் யாருக்கோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டது, குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். லேபில் "ஹைப்போ" என்றால் சிந்திய ரத்தத்தின் மேல் ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் இருட்டறையில் படத்தை நிலைப்படுத்தும் சோடியம் தயோசல்ஃபேட்டை ஹைப்போ என்பார். மூன்றும் வேறு வேறு. ஹைப்போகுளோரைட்டில் குறைவது ஆக்சிஜன்: குளோரைட்டில் இரண்டு அணு, இதில் ஒன்றுதான். இதை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைத் தாக்கும். பாத்ரூம் ஆசிட்டோடும் கூடாது.

5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்தால் 1 சதவீதம் கிடைக்கும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். புட்டியில் வெறுமனே ஹைப்போ என்று எழுதாமல் முழுப்பெயர், சதவீதம், கலந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.