பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாய் வீல்: இன்ச்சை விடுங்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்

பழைய ரெண்டு சீட் வண்டிக்குப் புது அலாய் போடப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது "பதினஞ்சு போடவா, பதினேழு போடவா" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் வண்டி 1991 மாஸ்டா மியாட்டா. மாமா சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது, இப்போது பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 17 இன்ச் அலாயும் 205/40 டயரும் (205 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம்) பார்த்தேன், நான்கு போல்ட் ஓட்டையும் சரியாக உட்கார்ந்தது, கடை வாசலில் வண்டி நின்ற அழகைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரியே மனைவியை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போனபோது ஒரு ஹம்ப் ஏறி இறங்கியதும் பின்னால் கர்ரென்று சத்தம். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டயரின் தோளில் சுற்று முழுக்கக் கீறல், ஃபெண்டரின் உள்மடிப்பில் முப்பது வருடப் பெயின்ட் உதிர்ந்து தகரம் தெரிகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வீல் வண்டியில் மாட்டத்தான் செய்தது. மாட்டுவதும் பொருந்துவதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி பிறந்தபோது வந்த அளவைக் கண்டுபிடியுங்கள். பழைய வண்டியில் நடுவில் யாராவது வீலை மாற்றியிருக்கலாம், எனவே இப்போது மாட்டியிருப்பதை நம்ப வேண்டாம், ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். ஒரிஜினல் வீல் கையில் இருந்தால் அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். என் மியாட்டாவுக்கு 14 இன்ச் விட்டம், 5.5 இன்ச் அகலம், ஈடி 45, பிசிடி 4x100, நடு ஓட்டை 54.1 மி.மீ., டயர் 185/60 ஆர்14. இந்த ஒரு வரியை (ஈடி, பிசிடி என்னவென்று கீழே வருகிறது) ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

பிசிடி என்பது போல்ட்டுகள் உட்காரும் வட்டத்தின் விட்டம், 4x100 என்றால் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். இதில் சமரசமே கிடையாது. நம் ஊரில் இதில் பெரிய குழி ஒன்று இருக்கிறது: ஃபியட் பாலியோவுக்கு 4x98, ஆனால் கடைகளில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் 4x100. வித்தியாசம் 2 மி.மீ. மட்டும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு போல்ட்டை முறுக்கினால் மற்றதும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பாலியோ 1.6 வைத்திருக்கும் நண்பர்கள் இப்படி மாட்டி, "ஸ்டீயரிங் ஆடுகிறது, பேலன்ஸிங் சரியில்லை" என்று மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வீல் நடுவில் உட்காரவில்லை, போல்ட் சாய்ந்து நிற்கிறது, அதை எந்த பேலன்ஸிங் மெஷினாலும் சரிசெய்ய முடியாது. பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு 5x100, பின்னால் வந்த லாராவுக்கு 5x112, அதனால் ஒரே கம்பெனி வீல்தானே என்றும் எடுத்துவிடாதீர்கள்.

நடு ஓட்டை ஹப்பைவிட (வண்டியில் வீல் வந்து உட்காரும் நடுப்பகுதி) பெரிதாக இருந்தால் பரவாயில்லை, பல கார்களுக்குப் பொதுவாகச் செய்த அலாய்களில் அப்படித்தான் இருக்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற சின்ன வளையம் கிடைக்கும், உள்விட்டம் உங்கள் ஹப் அளவு, வெளிவிட்டம் வீல் அளவு. சிறிதாக இருந்தால் அந்த வீலை விட்டுவிடுங்கள், கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

சரி, இனி ஆஃப்செட். வீலில் ஈடி என்று அச்சாகியிருப்பது இதுதான், ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே அந்த எண். எண் கூடினால் வீல் வண்டிக்குள் போகும், குறைந்தால் வெளியே வரும். நிறையப் பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈடி மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, அகலத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

கணக்கு ரொம்ப எளிது. அகலத்தை 25.4-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து ஈடியைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வீல் வெளியே நீளும் தூரம், ஈடியைக் கூட்டினால் உள்ளே நீளும் தூரம். என் ஒரிஜினல் வீலுக்கு 5.5 இன்ச் என்றால் பாதி 69.85. வெளியே 24.85, உள்ளே 114.85. நான் ஏமாந்து வாங்கிய 17 இன்ச் வீல் 7.5 அகலம், ஈடி 25. பாதி 95.25, வெளியே 70.25. அதாவது ரிம் விளிம்பு பழையதைவிட 45 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம்! போதாததற்கு டயரின் மொத்த விட்டமும் 577.6-இலிருந்து 595.8 மி.மீ. ஆகிவிட்டது. உரசாமல் என்ன செய்யும்?

இப்போது நான் போட்டிருப்பது 15 இன்ச், 7 அகலம், ஈடி 35. பாதி 88.9, வெளியே 53.9, உள்ளே 123.9. பழையதைவிட வெளியே 29, உள்ளே 9 மி.மீ. இது ரிம்மின் கணக்கு. டயர் இவ்வளவு நகராது, ஏனென்றால் அது ரிம்மின் நடுக்கோட்டைப் பிடித்துத்தான் உட்காரும், நடுக்கோடு 10 மி.மீ.தான் வெளியே வந்திருக்கிறது. டயரும் கொஞ்சம் அகலம் கூடியதால் அதன் வெளிச்சுவர் சுமார் 20 மி.மீ. வந்திருக்கும், உட்சுவர் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கிறது. ஃபெண்டரில் உரசப் போவது டயர், சஸ்பென்ஷன் பக்கம் முதலில் நெருங்குவது ரிம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த 20, 29 எல்லாம் உங்கள் வண்டியில் இடம் இருக்கிறதா என்று அளக்காமல் வெறும் எண்கள்தான். கொத்தனார் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் நட்டைக் கட்டி ஃபெண்டர் விளிம்பிலிருந்து வீலின் நடுவுக்கு நேராகத் தொங்கவிடுங்கள், நூலுக்கும் டயரின் வெளிச்சுவருக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். நான்கு பக்கமும் அளக்க வேண்டும், பழைய வண்டி எப்போதோ இடி வாங்கியிருந்தால் இடதுக்கும் வலதுக்கும் ஐந்தாறு மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். உள்பக்கத்துக்கு ஸ்டாண்ட் வைத்து வண்டியைத் தூக்கி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), ரிம் விளிம்புக்கும் ஷாக் அப்சார்பர், மேல் ஆர்ம், பிரேக் ஹோஸ் இவற்றுக்கும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கணக்குப்படி புது வீல் மாட்டிய பிறகும் 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கோடு. பிரேக் காலிப்பர் விஷயத்தில் கணக்கு உதவாது, ஸ்போக் எப்படி வளைகிறது என்பதைப் பொறுத்தது, ஒரு வீலை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வெளியே தள்ளினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் வண்டியை வடிவமைத்தவர்கள் ஈடியை முடிவு செய்திருப்பார்கள். அது கெட்டால் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். முப்பது வயது வண்டிக்கு பேரிங் தேடி அலைந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

அப்புறம் டயர். என் அனுபவத்தில் டயரை முதலில் முடிவு செய்து, வீலைப் பிறகு தேடுவதுதான் சரி. மொத்த விட்டம் பழையதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டு பக்கச் சுவருக்கும் இரட்டித்து, ரிம் விட்டத்தோடு கூட்டினால் வரும். 195/50 ஆர்15 என்றால் 576 மி.மீ., என் ஒரிஜினலோடு இரண்டு மி.மீ.கூட வித்தியாசமில்லை. "அந்த சைஸ் இல்லை சார், 195/55 போட்டுக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். அது 595.5 மி.மீ., என் ஏமாந்த 17 இன்ச் செட்டின் உயரம்தான் அது, ஒப்புக்கொள்ளாதீர்கள். 205/50 ஆர்15 என்றால் 586, அது ஓடும், ஆனால் அகலம் கூடுவதால் நூலை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் மியாட்டாவுக்கு 15x8, ஈடி 25 போட்டு 205/50 மாட்டுகிறார்கள், படம் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 5.5 முதல் 7.5 வரைதான், எட்டில் போட்டால் டயர் இழுத்துக்கொண்டு நிற்கும், ரிம் விளிம்பு டயரைத் தாண்டி வெளியே தெரியும். நம் ஊரில் வொயிட்டாப்பிங் (தார் மேல் கான்கிரீட் போட்ட) ரோடு முடிகிற இடத்தில் கான்கிரீட் விளிம்பு எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும், மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. அங்கே முதல் அடி ரிம்முக்கு. டயரின் பக்கச்சுவர் ஒரிஜினலில் 111 மி.மீ., 195/50-இல் 97.5, என் 17 இன்ச்சில் வெறும் 82. அதனால்தான் பெங்களூரில் 15-ஐத் தாண்டாதீர்கள் என்று மியாட்டா மாதிரி சின்ன வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். எடையையும் பாருங்கள், மியாட்டாவின் முதல் 14 இன்ச் அலாய் ஐந்தரை கிலோ அளவுதான், அந்த லேசில்தான் வண்டியின் துள்ளலே இருக்கிறது. பத்து கிலோ வீலை மாட்டிவிட்டு ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பழைய சுகத்தைத் தேடினால் கிடைக்காது.

சிவாஜி நகர் பக்கம் செகண்ட் ஹேண்ட் வீல் எடுப்பதானால் பேலன்ஸிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டு நெளிவு பாருங்கள், உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு வெல்டிங் போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஜப்பான் வீல் என்றால் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற தர முத்திரையும் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் இருக்கும்.

நட்டும் வீலில் அது உட்காரும் குழியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். ஹோண்டா ஒரிஜினல் நட் உருண்டையாக உட்காரும், வெளியில் வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு. மாற்றி மாட்டினால் இறுகியது போலத் தெரியும், இறுகியிருக்காது. மியாட்டாவுக்கு எம்12x1.5 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ.), நட் குறைந்தது எட்டுச் சுற்று முழுதாக ஏற வேண்டும். இதனாலேயே ஆஃப்செட் தவறிய வீலை ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்வது எனக்குப் பிடிக்கவில்லை, ஸ்பேசர் தடிமன் அளவுக்குச் சுற்று குறைந்துவிடும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே அதே மாடலுக்கு கம்பெனியே அனுமதித்த அளவுகளில் உங்களுக்குப் பிடித்தது இருந்தால் அதையே எடுங்கள், இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டிய அன்று இரண்டு பேர் உட்கார்ந்து, டிக்கியில் எடை வைத்து, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப்பில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஏறி இறங்குங்கள், இரண்டு பக்கமும். ஃபெண்டர் உள்மடிப்பில் சாக்பீஸ் தடவிவிட்டால் எங்கே தொட்டது என்று டயரே காட்டும். கொஞ்சமாக உரசினால் மடிப்பை மடக்கிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள், பழைய பெயின்ட் வெடித்து அங்கிருந்து துரு பிடிக்கும், எனவே அதைக் கடைசி வழியாக வையுங்கள். நட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள். ஒரிஜினல் வீல் நான்கையும் விற்காமல் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள், எஃப்சி (தகுதிச் சான்று) நாளில் அவைதான் தேவைப்படும்.