ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் செட்: வடசென்னையில் நாம் செய்கிற தவறுகள்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ சத்தம் தாங்க முடியவில்லை என்று யாராவது வாய் திறந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது, "இது ஃபேக்டரி ஏரியா, அப்படித்தான் இருக்கும்." மற்ற தவறுகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன. இரைச்சல் சட்டம் அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் மட்டும் எழுதப்பட்டதல்ல. திருவொற்றியூரிலும் மணலியிலும் அதே விதி, அதே பத்து மணி.

அந்த விதியின் பெயர், ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு விதிகள், 2000. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழில் பகுதியில் 75, 70. ஆஸ்பத்திரி போன்ற இடங்களைச் சுற்றிய அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. மீதி எட்டு மணி நேரம் இரவு. தொழில் பகுதிக்கே ஒரு வரம்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தெரு எந்த வகை என்பதை பட்டறை முதலாளி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம். சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் நிலப் பயன்பாடு சர்வே எண் வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பிரித்திருப்பார்கள். தெருமுனையில் ஒரு லேத் பட்டறை இருப்பதாலேயே தெரு முழுக்க தொழில் பகுதி ஆகிவிடாது. புகார் எழுதும்போது "எங்கள் சர்வே எண் குடியிருப்புப் பகுதியில் வருகிறது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், "ஃபேக்டரி ஏரியா" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

டெசிபலைப் பிடித்துக்கொண்டு தொங்குவது

இப்போது எல்லோர் போனிலும் சத்தம் அளக்கும் ஆப் இருக்கிறது. "சார், 92 காட்டுது" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். போன் மைக் அளவீட்டுச் சான்று பெற்ற கருவி அல்ல. அதோடு, விதியில் சொல்லப்பட்டிருப்பது ஒரு நேர அளவுக்கான சராசரி. ஒரு நொடி எகிறிய எண் அதற்கு ஈடாகாது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒரே கேள்வியில் தட்டிவிடுவார். அதிகாரபூர்வமாக அளக்க வேண்டியது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

ஆனால் பெரும்பாலான ராத்திரிப் புகார்களுக்கு அளவே தேவையில்லை. இதுதான் நம் மக்களுக்குத் தெரியாத விஷயம், எனக்கு ஆதங்கமும் இதில்தான். விதி 7 இரண்டு வழி தருகிறது. சத்தம் வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். அல்லது இரவு நேரத் தடைகளில் ஏதாவது ஒன்று மீறப்பட்டிருந்தாலே புகார் செய்யலாம். இரண்டாவது வழியில் "எவ்வளவு சத்தம்" என்ற கேள்வியே எழாது. பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஓடியதா இல்லையா, அவ்வளவுதான்.

அந்த இரவுத் தடைகளின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம். ஒலிபெருக்கி மட்டுமல்ல, மேளம் முதலான இசைக் கருவிகளும் அதில் அடக்கம். சத்தம் எழுப்பும் பட்டாசை இரவில் வெடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிக்கக் கூடாது. சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களையும் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கக் கூடாது. பக்கத்து மனையில் நள்ளிரவு வரை கான்கிரீட் மிக்சர் ஓடினால், "வேலை முடியணும்ல" என்பது சட்டப்படி பதில் ஆகாது. மூடிய மண்டபத்துக்குள் அங்கு இருப்பவர்களுக்காக ஒலிபெருக்கி வைப்பதற்கும், பொது அவசரநிலைக்கும் மட்டுமே விலக்கு. கல்யாண மண்டபத்துக்குள் பாட்டுப் போடலாம். பாக்ஸை வாசலில் ரோட்டைப் பார்த்து வைத்தால் அந்த விலக்கு பொருந்தாது.

ஆகவே ஆப்பை விடுங்கள், வீடியோ எடுங்கள். பத்தரை மணிக்கு உங்கள் ஜன்னலிலிருந்து ஒன்று, தெருவில் இறங்கி பந்தலும் பாக்ஸும் தெரிய ஒன்று. வீடியோவிலேயே தேதியையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாளும் நடந்தால் மறுநாளும் எடுங்கள்.

"பர்மிஷன் இருக்கு" என்றதும் திரும்பி வந்துவிடுவது

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவுக்கு ஒரு பந்தல் எழும்பும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், ஜெபக் கூட்டம் என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். போலீஸ் வந்து கேட்டால் கமிட்டிக்காரர் ஒரு தாளை நீட்டுவார். புகார் கொடுத்தவர் அதோடு அடங்கிவிடுவார்.

அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அனுமதி என்பது நிபந்தனைகளோடு வருவது. எத்தனை மணி வரை, எந்த வகை ஒலிபெருக்கி என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, பாக்ஸ் மட்டும்தான். பொது இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அதாவது குடியிருப்புத் தெருவில் பகலிலேயே 65 வரைதான். தனியார் இடத்தில் நடத்தினால் இன்னும் இறுக்கம்: வரம்புக்கு மேல் 5 டெசிபல்தான்.

திருவிழாவுக்கு பன்னிரண்டு மணி வரை தளர்வு உண்டே என்பார்கள். உண்டு. ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல், பண்பாட்டு அல்லது சமய விழாவுக்காக, இரவு 10 முதல் 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். எந்தெந்த நாள் என்பதை அரசு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோயில் கமிட்டியோ, உள்ளூர் ஸ்டேஷனோ, வட்டச் செயலாளரோ தன் விருப்பத்துக்கு ஒரு நாளைச் சேர்க்க முடியாது.

தாளைக் காட்ட மறுத்தால், அனுமதியின் நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். அன்றைய ராத்திரிக்கு அது உதவாதுதான். அடுத்த வருஷம் அதே கமிட்டி வரும்போது உதவும்.

இந்த இடத்தில் மதத்தை இழுப்பது அடுத்த தவறு, இரண்டு பக்கமும் செய்கிறார்கள். "அவங்களைக் கேட்டீங்களா, எங்களை மட்டும் கேக்குறீங்களே" என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்றே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கு நம் வடசென்னையில் எழுந்தது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்து, கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தினர் போட்ட வழக்கு. சாலையில் போகிற வண்டிகளின் சத்தம்தான் காரணம் என்றும், வழிபாட்டு உரிமை என்றும் வாதம் வைக்கப்பட்டது. மற்றவர் அமைதியைக் கெடுத்தோ, ஒலிபெருக்கி வைத்தோ, மேளம் கொட்டியோ வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு சர்ச்சுக்கு மட்டுமல்ல, கோயிலுக்கும் மசூதிக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் புகாரில் எந்தச் சாமி என்று எழுதவே வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று மட்டும் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் சுற்றிலும் 100 மீட்டர் தூரம் தானாகவே அமைதி மண்டலம் என்று நம்பி, அதை மட்டும் எழுதிவிடுவார்கள். 2017-ல் வந்த திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம். அதை மட்டும் நம்பிய புகார், "அறிவிப்பு எங்கே" என்ற கேள்வியில் விழுந்துவிடும். நோயாளிகள் படும் பாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். கூடவே இரவுத் தடையையும் அனுமதி நிபந்தனை மீறலையும் சேர்த்துவிடுங்கள்.

காசிமேட்டில் நிலைமை வேறு. மீன் ஏலத்துக்காக நடுராத்திரியில் எழுந்து போகிறவர்கள் சாயங்காலமே படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பத்து மணி என்பது தூக்கத்தின் நடுப்பகுதி. சட்டம் அவர்களை நினைத்து எழுதப்படவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அங்கே பகல் வரம்பும், அனுமதியிலுள்ள ஒலி நிபந்தனையும், விழா நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பேசுவதும்தான் வழி. கடைசியாகச் சொன்னதுதான் பல நேரம் வேலை செய்கிறது.

புகாரை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது 100 அல்லது 112-க்கு அழையுங்கள். ரோந்து வண்டி வரும், குறைப்பார்கள், போனதும் மறுபடி ஏற்றுவார்கள். மறுபடி அழையுங்கள். மறுநாள் ஸ்டேஷனில் எழுத்தில் மனுக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத புகார், அதிகாரி மாறினால் காணாமல் போய்விடும். மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறார்கள். வேப்பேரியில் இருக்கும் சென்னை ஆணையர் அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

தனியாகப் போகாமல் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். பயம் குறையும் என்பது ஒன்று. சட்டக் காரணமும் இருக்கிறது: பொதுத் தொல்லை என்று காட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்குப் பாதிப்பு என்று தெரிய வேண்டும். அப்படிக் காட்டினால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில், வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் தொல்லையை நீக்க உத்தரவிட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இது. ஒரே வீட்டுக்கு மட்டும் பாதிப்பென்றால் சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கும் வழி இருக்கிறது.

பட்டறை, கம்பெனி என்றால் போலீசோடு நிறுத்தாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். பட்டறையை நடத்த வாரியம் தரும் இசைவாணையை வாங்கியிருக்கிறார்களா, அதில் என்ன நிபந்தனை என்று கேளுங்கள். டீசல் ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டு வேண்டும்; 1000 கே.வி.ஏ. வரையிலான புதிய செட்டுகளில் கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுற்றுச்சூழல் சட்ட மீறலுக்கு 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பட்டறைக்காரருக்கு இது தெரிந்தாலே கூண்டு வந்துவிடும்.

அதிர்வையும் சத்தத்தையும் ஒன்றாக எழுதுவது

ஒலி மாசு விதிகளில் அதிர்வுக்கு வரம்பு கிடையாது. "சுவர் ஆடுது, பாத்திரம் குலுங்குது" என்று டெசிபல் விதியைக் காட்டிப் புகார் கொடுத்தால், வந்து ஒலியை அளந்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதிர்வுக்குத் தனி மனு எழுத வேண்டும். பொதுத் தொல்லை, கட்டடச் சேதம், இசைவாணை நிபந்தனை என்ற வழியில் போக வேண்டும்.

பவர் பிரஸ் வைத்திருக்கும் பட்டறையின் சுவரும் உங்கள் சுவரும் ஒன்றாக இருந்தால், இயந்திரத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடியில் ரப்பர் பேட் வைப்பது, இயந்திரத்தின் அடித்தளத்தைக் கட்டட அடித்தளத்திலிருந்து பிரிப்பது போன்றவை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை. முதலாளியிடம் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மனுவுக்குப் போங்கள்.

மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் இடத்துக்குப் பக்கத்திலும், அடுக்குமாடிக்கு பைல் (அடித்தளத் தூண்) இறக்கும் மனைக்கு அருகிலும் இருப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே வீட்டின் எல்லாச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து இருபக்கமும் ஒட்டிவிடுங்கள். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். என்ஜினியர்களே செய்கிற முறைதான். உடைந்த அன்றே படம் எடுத்து, வேலை நடத்தும் நிறுவனத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்த்துக் குறிப்பெடுக்கும் வரை கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூச வேண்டாம். பூசிவிட்டால் பழைய விரிசலா புதிய விரிசலா என்று யாராலும் சொல்ல முடியாது.