ஒரே சிம்பொனி, இரண்டு பதிவுகள்: மேடையையும் ஸ்டூடியோவையும் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

"மேடைப் பதிவில்தான் உயிர் இருக்கு" என்று சொல்பவர்கள் பலர் இசைக்குழுவை வழிநடத்தும் இரண்டு வேறு நடத்துநர்களைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதலில் சோடியைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். சிம்பொனியும் நடத்துநரும் மாறக்கூடாது.

தொடங்க நல்லது பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி, கார்லோஸ் கிளைபர் நடத்தியது. வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 1975-76இல் செய்த ஸ்டூடியோப் பதிவு ஒன்று, பவேரிய அரச இசைக்குழுவுடன் 1982இல் மியூனிக் கச்சேரியில் எடுத்தது மற்றது. இசைக்குழுவும் ஒன்றாக இருக்கவேண்டுமென்றால் மாலரின் ஒன்பதாவது இருக்கிறது: நடத்துநர் கரயான், இசைக்குழு பெர்லின் ஃபில்ஹார்மோனிக், ஸ்டூடியோவில் 1979-80, மேடையில் 1982. அது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும், காது பழகிய பிறகு போகலாம்.

அடுத்தது, முழுவதையும் ஒப்பிடாதீர்கள். இரண்டு நிமிடத் துண்டு போதும். ஏழாவதின் முதற்பகுதியில் மெதுவான முன்னுரை முடியும் இடத்தை எடுங்கள். ஒரே சுரம் வயலினுக்கும் ஊதுகருவிகளுக்கும் இடையில் திரும்பத் திரும்பக் கைமாறும், பிறகு புல்லாங்குழல் துள்ளலோடு வேகப் பகுதிக்குள் கூட்டிப்போகும். அந்தக் காத்திருப்பை நடத்துநர் எவ்வளவு இழுக்கிறார் என்பதிலேயே நிறைய விளங்கும்.

இனி எல்லோரும் தவறவிடும் படி: ஒலியளவு. கொஞ்சம் சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் நல்லதாகவே படும். இதைச் சரிசெய்யாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் நம்பமாட்டேன். கணினியில் ஒலிக் கோப்புகளைத் திருத்தும் இலவச மென்பொருளான ஒடாசிட்டி இதற்குப் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்கவேண்டாம். இரண்டு கோப்புகளையும் திறந்து, முதலில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். அதன் பிறகுதான் ஒலியளவைச் சமப்படுத்தும் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' கொடுத்து இரண்டையும் -23 LUFS (ஒலியளவின் அலகு) இல் வையுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். முழுக் கோப்புக்கும் கொடுத்தால் கச்சேரியின் கைதட்டலும் கணக்கில் சேர்ந்து அளவைக் குழப்பிவிடும். பிறகு ஒன்றை மட்டும் ஒலிக்கவிடும் 'சோலோ' பொத்தானால் மாறி மாறிக் கேளுங்கள். வேகம் வேறு என்பதால் இரண்டும் சேர்ந்து ஓடாது. புல்லாங்குழல் தொடங்கும் இடத்தில் கன்ட்ரோல்-பி அழுத்தி இரண்டுக்கும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயர் உள்ள ஹெட்போன் நல்லது. மின்விசிறி ஓடினால் மண்டபத்தின் மெல்லிய ஓசை காதில் விழாது. யாழ்ப்பாணத்து வெக்கையில் அதை நிறுத்திவிட்டு இருப்பது கஷ்டம்தான், அதனால் விடியற்காலைதான் தோது. கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஸ்டூடியோ என்றதும் சின்ன அறையை நினைக்கவேண்டாம். கிளைபரின் வியன்னாப் பதிவு மியூசிக்ஃபெரைன் மண்டபத்தில்தான் நடந்தது. ஆட்கள் நிறைந்திருந்தால் அங்கே எதிரொலி சுமார் 2 நொடி நிற்கும், வெறுமையாக இருந்தால் 3 நொடிக்குக் கிட்ட வரும், ஏனென்றால் உடம்பும் உடுப்பும் ஒலியைக் குடிக்கும். பலத்த சுரம் ஒன்று நின்றதும் எதிரொலியின் வால் எவ்வளவு நீள்கிறது என்று வடிவாகக் கேளுங்கள். இருமலைத் தேடுவதைவிட இதுதான் பயன்.

பிற்சேர்க்கை: "கைதட்டலே இல்லையே, இது மேடைப் பதிவா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். கைதட்டலை வெட்டிவிடுவது வழக்கம். சில 'லைவ்' வெளியீடுகள் இரண்டு மூன்று இரவுகளின் கச்சேரிகளை ஒட்டிச் செய்தவை; பிசகிய இடங்களை ஆட்கள் போன பிறகு திருப்பி வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. உறையின் பின்பக்கத்தில் ஒரு திகதியா, பல திகதிகளா என்று பாருங்கள். பல இருந்தால், அதை ஒரே இரவின் கச்சேரியாக வைத்து ஒப்பிடவேண்டாம்.