மூன்று சுழியும் தெரிய வேண்டும்

போன மாதம் ஒரு அக்கா எண்ணெய்க் கடைக்குப் போர்டு கேட்டு வந்தார். எட்டடிக்கு இரண்டடி. கடைப் பெயர், அதோடு 'மரச்செக்கு எண்ணெய்', எல்லாம் ஒரே வரியில் வேண்டுமாம். தொழிலுக்கு வந்த புதிதில் என்றால், எழுத்தை அடித்து, மவுஸால் பக்கவாட்டில் பிடித்து நெரித்து உள்ளே திணித்திருப்பேன். ஊரில் பாதி போர்டு அப்படித்தான் நிற்கிறது. அகலத்தை 60 சதவீதத்துக்கு நெரித்தால் நெடுக்குக் கோடும் 60 சதவீதமாக இளைத்துவிடும், படுக்கைக் கோடு பழைய தடிமனிலேயே கிடக்கும். 'ட'வைப் பாருங்கள்: முதுகு ஒல்லி, அடி குண்டு.

நெரிக்காதீர்கள். பிறவியிலேயே ஒல்லியான எழுத்துருவை எடுங்கள். ஆங்கிலத்தில் பஞ்சமே இல்லை: பெபாஸ் நியூ, ஆஸ்வால்ட், ஆன்டன், 1965இல் வந்த இம்பாக்ட். தமிழில் விரல் விட்டு எண்ணலாம். நான் எடுப்பது ஏக் டைப் குழுவின் அனெக் தமிழ். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், கடை வேலைக்கும் தாராளமாகப் போடலாம். தடிமனை 100 முதல் 800 வரையும், அகலத்தை 75 முதல் 125 வரையும் நகர்த்தலாம். போர்டுக்கு நான் வைப்பது அகலம் 75, தடிமன் 700. போர்டு வரையும் மென்பொருளான கோரல்டிரா உங்களிடம் இருப்பது 2020க்கு முந்தையது என்றால் இந்த நகர்த்தல் வேலை செய்யாது. கூகுளிலிருந்து இறக்கிய ஜிப்புக்குள் ஸ்டேட்டிக் ஃபோல்டரில் கண்டென்ஸ்டு என்ற ஒல்லி வகை தனியாக இருக்கும், அதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

800 ஏன் வேண்டாம்? 'எண்ணெய்' என்பதில் 'ண' இரண்டு முறை வருகிறது. தடிமன் ஏற ஏறச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்து, தூரத்தில் மூன்று சுழி 'ண' இரண்டு சுழி 'ன' ஆகிவிடும். பின்னால் எல்இடி எரியும் போர்டு என்றால் வெளிச்சம் கசிந்து இன்னும் மோசம். அதற்கு 600க்கு இறங்கி, எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடம் விடுங்கள்.

பெபாஸில் எல்லாமே பெரிய எழுத்து என்பதால் வரிகளைச் செங்கல் மாதிரி அடுக்கலாம். தமிழில் அது நடக்காது. மேலே புள்ளி, 'கி'யின் கொக்கி. கீழே 'சு', 'பு' தொங்கும். வரிகளுக்கு நடுவில் தாராளமாக விடுங்கள்.

உயரத்துக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். தமிழுக்கு நான் ஒன்றரை வைப்பேன். அக்கா கடைக்கு எதிர் நடைபாதை 40 அடி, ஆகவே 'மரச்செக்கு எண்ணெய்' 6 அங்குலம். கடைப் பெயரை மேலே தனி வரியாக்கினேன், ஒரு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு. ஆங்கிலமும் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற கணக்கை மறக்காதீர்கள்.

அப்புறம், பத்தில் ஒரு பங்கு அளவில் ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, 4 அடி தள்ளி நின்று பாருங்கள். 40 அடியில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். சுழி அடைந்தால் தடிமனைக் குறையுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் கோரல்டிராவில் கண்ட்ரோல் கியூ அழுத்தி எழுத்தைக் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கிவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய், 'செ'யின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த ஃபிளெக்ஸோடு வீடு திரும்பினேன். அதுதான் இப்போது எங்கள் மாடியில் விறகை மூடிக் கிடக்கிறது.